ஆயரின் இருக்கையே பெயரான மலையூர்: லா செவ் துர்ஜெல்

அந்தோரா என்ற குட்டி நாட்டைப் பற்றிப் பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி தவறாமல் வரும்: அந்த நாட்டுக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் பிரான்சின் ஜனாதிபதி, மற்றவர் உர்ஜெல் ஆயர். முதலாமவரை ஊர் உலகத்துக்கே தெரியும். இரண்டாமவர் யார், உர்ஜெல் எங்கே இருக்கிறது, ஒரு கத்தோலிக்க ஆயர் எப்படி பக்கத்து நாட்டுக்குத் தலைவரானார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். அந்த ஆயர் வசிக்கும் ஊர்தான் லா செவ் துர்ஜெல். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ‘லா செவ்’ என்பார்கள். ஐரோப்பாவில் பேராலய நகரம் என்கிறார்களே, அது எப்படி உருவாகிறது, எப்படி நிலைக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. காரணம், இது சின்ன ஊர். பெருநகரங்களில் வரலாறு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து மூடிக் கிடக்கும். இங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் காத்தலோனியா இருக்கிறது. அதன் வடக்கு விளிம்பில் பைரனீஸ் மலை. அந்த மலைக்குள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், அந்தோரா எல்லையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் லா செவ் அமைந்திருக்கிறது. மக்கள் தொகை 12 ஆயிரத்தை ஒட்டி இருக்கும். அந்தோராவிலிருந்து இறங்கி வரும் வலீரா ஆறு, கிழக்கிலிருந்து வரும் செக்ரே ஆற்றில் இங்கே கலக்கிறது. தெற்கே கதீ மலைத்தொடர் சுவர் கட்டினாற்போல் நிற்கிறது.

மலைநாட்டில் ஆறுதான் பாதை. ஆறு அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு வழியாகத்தான் மனிதர்களும் கோவேறு கழுதைகளும் போய்வர முடியும். லா செவ்விலிருந்து கிழக்கே போனால் செர்தான்யா சமவெளி, வடக்கே போனால் அந்தோரா. செக்ரே ஆற்றோடு குறுகலான மலை இடுக்குகளைத் தாண்டித் தெற்கே இறங்கினால் லெய்தா சமவெளி. மூன்று வழிகள் கூடும் இடத்தில் உழுது பயிரிட அகலமான நிலமும் இருந்தால் அங்கே ஊர் உண்டாகாமல் இருக்குமா?

சரி, பெயருக்கு வருவோம். காத்தலான் மொழியில் ‘செவ்’ என்றால் இருக்கை. ‘உட்காரும் இடம்’ என்ற பொருளுள்ள ‘சேதெஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கதீட்ரல் என்ற சொல்லும் அப்படித்தான். அதன் வேரில் இருக்கும் ‘கதெத்ரா’ ஒரு நாற்காலி. ஆயர் அமர்ந்து போதிக்கும் நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல், தமிழில் பேராலயம். எவ்வளவு பெரிய கோயிலானாலும் அந்த நாற்காலி இல்லாவிட்டால் பேராலயம் ஆகாது. நாம் பீடம் என்றும் பீடாதிபதி என்றும் சொல்லும்போது, உட்காரும் இடத்தின் பெயரே அதிகாரத்தின் பெயராகிவிடுகிறதே, அதே கதைதான். லா செவ் துர்ஜெல் என்றால் ‘உர்ஜெலின் பீடம்’. ஊருக்கென்று தனிப்பெயர் கூட இல்லாமல், நாற்காலியின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

ஆனால் ஆயரின் இருக்கை தொடக்கத்தில் இந்தச் சமதளத்தில் இல்லை. பக்கத்தில் காஸ்தெல்சியுதாத் என்ற குன்று இருக்கிறது. பழைய உர்ஜெல் அதன் மேல்தான் இருந்தது. 6ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஜுஸ்துஸ் என்ற ஆயர் இருந்ததற்குச் சான்று உண்டு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த படையெடுப்பில் குன்றின் மேலிருந்த ஊர் அழிந்தது. பிறகு ஆயரின் இருக்கை கீழே, இப்போது நகரம் இருக்கும் இடத்தில் நிலைகொண்டது.

அந்தக் காலத்து ஆயர் ஒருவரின் பெயர் ஐரோப்பா முழுவதும் அடிபட்டது. அவர் ஃபெலிக்ஸ். இயேசு மனித நிலையில் கடவுளின் தத்துப் பிள்ளை என்று அவர் போதித்தார். கேட்க இறையியல் நுணுக்கம்போல் இருக்கும், ஆனால் அதற்குள் அரசியலும் இருந்தது. இதே கருத்தைச் சொன்ன தொலேதோ பேராயர் முஸ்லிம் ஆட்சிப் பகுதியில் இருந்தார். உர்ஜெலோ பிராங்கியர்களின் மன்னர், பின்னாளில் பேரரசரான சார்லிமேனின் கைக்கு வந்துகொண்டிருந்த எல்லைப் பகுதி. தன் எல்லையில் உள்ள ஆயர் யார் பேச்சைக் கேட்கிறார் என்பது பேரரசருக்கு முக்கியம். ஃபெலிக்ஸை 792இல் ரேகன்ஸ்பர்க்கில் கண்டித்தார்கள். 794இல் பிராங்பர்ட்டில் கூடிய பெரிய சபையும் அவர் போதனையை நிராகரித்தது. 799இல் ஆகன் நகரில் பேரரசரின் அறிஞரான ஆல்க்வின் அவரோடு நேருக்கு நேர் வாதிட்டார். ஃபெலிக்ஸ் பணிந்தார். ஆனாலும் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் காவலில் இருந்து, 818இல் அங்கேயே காலமானார். மலை மூலையில் இருக்கும் ஒரு சிறு மறைமாவட்டத்தின் ஆயரை வழிக்குக் கொண்டுவரப் பேரரசர் இத்தனை சபை கூட்ட வேண்டியிருந்தது என்றால், அந்த நாற்காலியின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஃபெலிக்ஸுக்குப் பிறகு உர்ஜெல், பிராங்கிய மன்னர்கள் சார்பில் கோமகன் என்ற பிரபு ஆளும் எல்லைப் பகுதிகளில் ஒன்றானது. ஆக, ஒரே இடத்தில் இரண்டு அதிகாரங்கள்: கோமகன், ஆயர். இவர்களில் கோமகன் மெல்ல நகர்ந்தார். தெற்கே முஸ்லிம் ஆட்சியில் இருந்த வளமான சமவெளி அவரை இழுத்தது. உர்ஜெல் கோமகர்கள் நிலம் பிடித்துக்கொண்டே கீழிறங்கி, 12ஆம் நூற்றாண்டில் பாலகேர் நகரைத் தலைமையிடமாக்கிக்கொண்டார்கள். 1413இல் கடைசிக் கோமகன் ஜாவ்மே, காத்தலோனியாவையும் ஆண்ட அரகோன் மன்னரை எதிர்த்துத் தோற்றதோடு அந்த வம்சத்தின் ஆட்சியே முடிந்துபோனது. ஆயர் எங்கும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊரின் குணத்தைத் தீர்மானித்தது அதுதான் என்பது என் எண்ணம். அரண்மனை இல்லாத ஊர் இது. ஆண்டதும் கட்டியதும் வழக்குத் தீர்த்ததும் சந்தை கூட்டியதும் கோயில்தான்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயராக இருந்த எர்மென்கோல் ஒரு நல்ல உதாரணம். ஊரின் காவல் புனிதர் அவரே. ஜெபமும் தவமும் மட்டும் அவர் வேலையாக இருக்கவில்லை. செக்ரே பள்ளத்தாக்கில் பாலம் கட்டினார், பாதை திறந்தார். 1035இல் போன்த் தெ பார் என்ற இடத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாலத்திலிருந்தே தவறி விழுந்து இறந்தார். ஓர் ஆயர் பாலக் கட்டுமானத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மலையில் பாலம் இருந்தால்தான் சந்தைக்கு ஆள் வரும், கோயிலுக்கு வரி வரும், பனிக்காலத்தில் ஊருக்குத் தானியம் வரும். அவர் பெயரால் இன்றும் அக்டோபரில் புனித எர்மென்கோல் சந்தை கூடுகிறது. 1048ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்தச் சந்தைக்குக் குறிப்பு இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருடப் பழமை.

இனி பேராலயம். புனித மரியாளின் பெயரில் உள்ள இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1116 வாக்கில், ஆயர் ஓத் காலத்தில். காத்தலோனியாவில் முழுக்க ரோமனெஸ்க் பாணியிலேயே நிற்கும் ஒரே பேராலயம் இது. ரோமனெஸ்க் என்றால் என்ன? அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்ன ஜன்னல். மேலே கல்லால் ஆன வளைகூரை. அந்தக் கூரையின் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், பெரிய ஜன்னல் வைத்தால் சுவர் பலவீனமாகும். அதனால் உள்ளே வெளிச்சம் குறைவு. பின்னால் வந்த கோதிக் பாணிதான் கூர்வளைவாலும் வெளியே வைத்த முட்டுகளாலும் இந்தச் சிக்கலைத் தீர்த்து, சுவரையே கண்ணாடியாக்கியது. பணமுள்ள ஊர்கள் பழைய ரோமனெஸ்க் கோயிலை இடித்துவிட்டுக் கோதிக்கில் கட்டிக்கொண்டன. லா செவ் அப்படிச் செய்யவில்லை.

1175இல் இந்தக் கட்டுமானத்துக்காக எழுதிய ஒப்பந்தம் ஒன்று உண்டு. இந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். ஒரு பக்கம் ஆயரும் அவருடைய குருமார் குழுவும், மறுபக்கம் ராமோன் லம்பார்த் என்ற கொத்தனார். லம்பார்த் என்றால் லொம்பார்தியாக்காரர், வட இத்தாலியர். கல் வேலையில் அவர்கள் கைதேர்ந்தவர்களாக இருந்ததால் காத்தலோனியாவில் அந்தப் பெயரே கொத்தனாரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ராமோன் என்ன வாக்குக் கொடுக்கிறார்? கோயில் முழுவதையும் கூரையிட்டு மூடுவேன், கோபுரங்களை வளைகூரைக்கு மேலே ஒரு கல் வரிசை உயரத்துக்கு எழுப்புவேன், நடுக்குவிமாடத்தை நன்றாகவும் முறையாகவும் கட்டுவேன். ஏழு வருடத்தில் முடிப்பேன். என்னோடு நான்கு லம்பார்த்துகள், என்னையும் சேர்த்து ஐந்து பேர், கோடையிலும் குளிர்காலத்திலும் விடாமல் வேலை செய்வோம். பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கும்? பேராலயக் குரு ஒருவருக்கு அளக்கும் சாப்பாட்டுப் பங்கு, ஆயுள் முழுவதும்.

இடைக்காலப் பேராலயங்களைக் கட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைப்பதே அபூர்வம். இங்கே பெயர் கிடைக்கிறது, ஆள் கணக்குக் கிடைக்கிறது, கூலி என்ன என்பதும் தெரிகிறது. பைரனீஸின் குளிர்காலத்தில் ‘விடாமல்’ வேலை செய்ய இருந்த அந்த ஐந்து பேரை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

வேலை திட்டமிட்டபடி முழுமையடையவில்லை. 1195இல் பைரனீஸுக்கு வடக்கே இருந்த ஃபுவாவின் கோமகனும் காஸ்தெல்போ பிரபுவும் ஊரைத் தாக்கிப் பேராலயத்தைச் சூறையாடினார்கள். இன்று பார்த்தாலும் குறுக்குமண்டபத்தின் இரண்டு முனைகளிலும் நிற்கும் கோபுரங்கள் கட்டை குட்டையாக, பாதியில் நிறுத்திய தோற்றத்தில் இருக்கும். ஆனால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நடு அரைவட்டச் சுவரின் உச்சியில் சிறு தூண்களும் வளைவுகளுமாக ஒரு மாடம் கட்டிடத்தைச் சுற்றி ஓடும். இத்தாலியில் பார்க்கும் வேலைப்பாடு அப்படியே மலை ஏறி வந்திருக்கிறது. உள்ளே நடுப்பீடத்தின் இருபக்கமும் இரண்டிரண்டு சிறு பீட மாடங்கள். அவற்றை வெளியே துருத்தவிடாமல் சுவரின் தடிமனுக்குள்ளேயே குடைந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பக்கத்தில் நாற்கட்டு முற்றம் இருக்கிறது, தூண் வரிசையோடு. தூண்களின் தலைப்பில் சிங்கங்கள், குரங்குகள், இலைகள், மனித முகங்கள். கருங்கல் கடினமானது, பளிங்குபோல் நுணுக்கமாகச் செதுக்க வளைந்து கொடுக்காது. அதனால் உருவங்கள் எல்லாம் திரண்டு, விளிம்பு மழுங்கி, குழந்தை களிமண்ணில் பிடித்தவைபோல் இருக்கும். அதுவே அவற்றுக்கு ஒரு தனி உயிர். நான்கு பக்கங்களில் கிழக்குப் பக்கம் மட்டும் 1603இல் மாற்றிக் கட்டியது. 20ஆம் நூற்றாண்டில் கட்டிடக் கலைஞர் ஜோசெப் புயிக் இ கதஃபால்க், பிற்காலத்தில் பேராலயத்துக்குள் சேர்த்திருந்த அலங்காரங்களை அகற்றிப் பழைய கல்லை வெளியே கொண்டுவந்தார்.

மறுபடியும் அந்தோராவுக்கு வருகிறேன். 988இல் கோமகன் இரண்டாம் போரெல், அந்தோரா பள்ளத்தாக்குகளை உர்ஜெல் ஆயருக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு நிலங்களைப் பெற்றுக்கொண்டார். நிலம் கைக்கு வந்தாலும் ஆயரிடம் படை இல்லை. காவலுக்கு உள்ளூர்ப் பிரபுக் குடும்பம் ஒன்றை அமர்த்தினார். அந்தக் காவல் உரிமை கல்யாண சம்பந்தங்கள் வழியாகக் கை மாறி, கடைசியில் மலைக்கு அந்தப்பக்கம் இருந்த ஃபுவா கோமகர்களிடம் போய்ச் சேர்ந்தது. காவலுக்கு வந்தவர் பங்கு கேட்டார். சண்டை தலைமுறை தலைமுறையாக நீண்டது. அரகோன் மன்னர் நடுவில் புகுந்தார். 1278இல் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது, 1288இல் அதற்குத் துணையாக இன்னொன்று. அந்தோரா இருவருக்கும் பொது. இருவரும் சமமான ஆண்டைகள், வரி ஒரு முறை இவருக்கு, மறுமுறை அவருக்கு.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ஃபுவா வாரிசுரிமை, பைரனீஸை ஒட்டிய நவார் நாட்டின் அரச குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் ஹென்றி 1589இல் பிரான்சின் மன்னரானார். அப்படியே அந்தோராவின் பாதி உரிமை பிரெஞ்சு மகுடத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரான்சில் மன்னராட்சி போன பிறகு அது ஜனாதிபதி கைக்கு வந்தது. அந்தப் பக்கம் கோமகன் மன்னராகி, மன்னர் ஜனாதிபதியாகி இத்தனை மாறுதல் நடந்தும், இந்தப் பக்கம் அன்றும் இன்றும் உர்ஜெல் ஆயர்தான். ஒரு தலைவரைப் பிரெஞ்சு வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மற்றவரைப் போப் நியமிக்கிறார். அந்தோரா மக்கள் ஆயருக்குக் கொடுத்து வந்த காணிக்கையில் பணத்தோடு பன்றித்தொடைக் கறி, பாலாடைக்கட்டி, சேவல் எல்லாம் அடங்கும். 1993இல் அந்தோரா தனக்கென அரசியல் சாசனம் எழுதியபோது அந்த வழக்கம் நின்றது. இரட்டைத் தலைமை மட்டும் தொடர்கிறது, பெரும்பாலும் சடங்கு அளவில்.

இந்த ஏற்பாட்டைக் குலைக்க ஒருவர் முயன்றதும் உண்டு. 1934இல் போரிஸ் ஸ்கோசிரெஃப் என்ற ரஷ்யர் தன்னை அந்தோராவின் மன்னராக அறிவித்துக்கொண்டார். அவர் ஆட்சி சில நாட்களில் முடிந்தது. லா செவ்வில் வைத்து ஸ்பெயின் காவலர்கள் அவரைப் பிடித்துப் பார்சலோனாவுக்குக் கொண்டுபோனார்கள்.

போர்க் காலங்களில் காஸ்தெல்சியுதாத் குன்றின் கோட்டைதான் முன்னுக்கு வரும். 1822இல் ஸ்பெயினின் தாராளவாத அரசை எதிர்த்த முடியாட்சி ஆதரவாளர்கள் லா செவ்வில் தனி ஆட்சிக் குழு அமைத்தார்கள். சில மாதங்களில் அது கலைந்தது. ஸ்பெயின் அரியணைக்கு உரிமை கோரிய கார்லோஸின் ஆதரவாளர்கள் நடத்திய மூன்றாம் கார்லிஸ்ட் போரின்போது, 1875இல் இங்கே கடும் முற்றுகை நடந்து, அரசுப் படை கோட்டையைக் கைப்பற்றியது.

எனக்கு அந்தப் போர்களைவிட அதன்பின் வந்த பூச்சியின் கதை முக்கியமாகப் படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலொக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தது. இந்தப் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. ஒயின்தான் கையில் காசு பார்க்கும் வழியாக இருந்த விவசாயிகள் திகைத்து நின்றார்கள். ஜோசெப் சுலுவேத்தா என்ற அரசியல்வாதி, கொடிக்குப் பதில் புல் வளர்ப்போம், மாடு வளர்ப்போம் என்று எடுத்துச் சொன்னார். 1915இல் கதீ என்ற பெயரில் பால் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. இந்த வட்டாரத்து வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஐரோப்பாவின் புவிசார் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது. அக்டோபர் சந்தையில் இப்போது முதலிடம் பைரனீஸ் மலைக்காரர்கள் கையால் செய்த பாலாடைக்கட்டிக்குத்தான். ஆயிரம் வருடச் சந்தை, நூறு வருடத் தொழில், ஒரே வீதியில்.

1982 நவம்பரில் பெருமழை கொட்டியது. செக்ரேயும் வலீராவும் பொங்கிக் கரையோரத்தை வாரிக்கொண்டு போயின. சீரழிந்த ஆற்றங்கரையை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஊர் கண்ட பதில்: 1992 பார்சலோனா ஒலிம்பிக்கின் கனூ ஸ்லாலோம் போட்டிக்கான செயற்கை நீரோட்டத் தடம். துள்ளி ஓடும் நீரில் தொங்கும் கம்பங்களுக்கிடையே படகை வளைத்து ஓட்டும் விளையாட்டு அது. 1972க்குப் பிறகு அந்தப் போட்டி ஒலிம்பிக்குக்குத் திரும்பியதே இங்கேதான். 1999, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன்ஷிப்பும் இங்கே நடந்தது. 2016இல் ரியோவில் தங்கம் வென்ற பாஸ்க் வீராங்கனை மயாலென் ஷொர்ராவுத் பயிற்சி எடுத்த இடமும் இதுவே. தடத்துக்கு நீரை மேலேற்றும் பம்புகளைத் திருப்பி ஓடவிட்டால் மின்சாரமும் எடுக்கலாம்.

பேராலயத்தைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் பெரிய வீதியும் குருமார் வீதியும் முக்கியமானவை. வீடுகளின் மாடி தெருவுக்கு மேலே நீண்டு, கீழே தூண் வைத்த தாழ்வாரம் ஓடும். மழையோ பனியோ, நனையாமல் நடக்கலாம், நின்று பேரம் பேசலாம். செவ்வாயும் வெள்ளியும் அங்கே சந்தை நாள். பெரிய வீதித் தாழ்வாரத்தில் கல்லைக் குடைந்து செய்த தானிய அளவைகள் இருக்கின்றன. பெரிய குழி, சிறிய குழி என்று பக்கத்துப் பக்கத்தில். மலையிலிருந்து கோதுமை கொண்டுவந்தவர் தன் மூட்டையை அந்தக் குழியில் கொட்டுவார். குழி நிறைந்ததும் மேலே குவிந்ததை வழித்துவிடுவார்கள். அடியில் இருக்கும் துவாரத்தைத் திறந்தால், வாங்குபவரின் சாக்கில் தானியம் சரசரவென்று இறங்கும்.